சிவாஜியின் நடிப்பில் நாடகம் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அப்பா 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போட்டால் அவர் கண் கலங்குகிறார், உங்களுக்கு அது கத்தலாகக் கேட்கிறது. சிவாஜி நாடகத்திலிருந்து வந்தவர், அந்தப் பழக்கத்தைக் கடைசி வரை விட முடியாதவர், அதனால்தான் அப்படி என்று நண்பர் ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியா, சரியில்லை என்றால் எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உரக்கப் பேசுவதுதான் மேடை நடிப்பு என்பது ஒன்று. அவர் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் நடித்தார் என்பது இன்னொன்று. முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவது உண்மையே இல்லை. நான் சினிமாக்காரன் அல்ல. பல வருஷமாகச் சென்னை சபாக்களில் நாடகம் போடுகிறேன், இளம் நடிகர்களுக்குக் குரல் பயிற்சி கொடுக்கிறேன். ஆகவே கேமரா, லைட்டிங் பற்றி அதிகம் பேசமாட்டேன். மேடைப் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பது. விழுப்புரத்தில் பிறந்தவர். பிறந்தநாள் அக்டோபர் 1. ஆண்டை 1927 என்றும் 1928 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், 1928தான் அதிகம் புழங்குகிறது. அப்பா சின்னையா மன்றாயர், அம்மா ராஜாமணி அம்மாள். சிறு வயதில் கம்பளத்தார் கூத்தில் கட்டபொம்மன் கதையைப் பார்த்ததும் நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் குடும்பம் இருந்தபோது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில், தாய் தகப்பன் இல்லாத பையன் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது. பின்னாளில் நாம் திரையில் பார்த்துச் சிரித்த காக்கா ராதாகிருஷ்ணனும் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். எம்.ஆர். ராதாவும் சில காலம் அங்கே இருந்தார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள். அதே வழியில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று பல வந்தன. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள், கம்பெனி சாப்பாடு, கம்பெனி அடி. விடியற்காலையில் எழுப்பிப் பாட்டு, அப்புறம் வசனம், அப்புறம் ஆட்டம், சாயங்காலம் நாடகம். தன் பாடத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதாது, மற்றவர்கள் பாடமும் தெரிய வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அன்று ராத்திரியே அந்த வேஷத்தில் ஏறியாக வேண்டும். சிவாஜி ராமாயண நாடகத்தில் சீதை வேஷத்தில் தொடங்கி, அதே நாடகத்தின் வேறு வேறு வேஷங்களுக்குப் போனது இப்படித்தான். படிப்பு, குடும்பம் இரண்டையும் பறித்துக்கொண்ட முறை அது, கொடுமையான முறை. அதைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே தேறி வந்த பையனுக்கு உடம்பும் குரலும் சொன்னபடி கேட்கும் என்பதையும் மறுக்க முடியாது. பிற்காலத்தில் கால்ஷீட் நேரத்துக்கு முன்பே மேக்கப்போடு தளத்தில் உட்கார்ந்திருப்பார் என்று அவரோடு வேலை செய்த எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அந்த ஒழுங்கும் கம்பெனி வீட்டிலிருந்து வந்ததுதான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர் முதலில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம் கட்டும் நடிகர். சீதையாக ஆரம்பித்தவர், வாலிபனான பிறகும் சக்தி நாடக சபாவில் 'நூர்ஜஹான்' நாடகத்தில் நூர்ஜஹானாகவே நடித்தார். வேலூரில் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் அவரைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டது அந்த வேஷத்தில். பெண் வேஷம் கட்டிப் பழகியவர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: அந்த வேஷம் முதலில் நடிகனின் தோளை அடக்கும். ஆண் பிள்ளைக்குக் கோபம் வந்தால் தோள் தூக்கும், கை வீசும், கால் அகலும். ஸ்திரீபார்ட்டுக்கு அது எதற்கும் அனுமதி இல்லை. முந்தானையைப் பிடித்திருக்கும் விரல், கழுத்தின் சாய்வு, கண்ணைத் தூக்கும் வேகம், இவ்வளவுக்குள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சிவாஜியின் கண்ணும் விரலும் ஏன் அவ்வளவு பேசுகின்றன என்று யோசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்து தேட வேண்டும். மேடை அவருக்குப் பெரிதாக்க மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை, சுருக்கவும் கற்றுக்கொடுத்தது. உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

குரலுக்கு வருவோம், உங்கள் உறுத்தல் அங்கேதான் இருக்கிறது. அவர் பயின்ற காலத்தில் பெரும்பாலான நாடகக் கொட்டகைகளில் மைக் கிடையாது, இருந்தாலும் நம்ப முடியாது. கீற்றுக் கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் மைக்கை அணைத்துவிட்டு ஒரு பக்க வசனத்தைக் கடைசி வரிசைக்குப் பேசச் சொல்வேன். முதல் வாக்கியத்திலேயே குரல் முழுவதையும் செலவழித்துவிடுவார்கள். நாலாவது வாக்கியத்தில் தொண்டை நரம்பு புடைக்கும். பக்கம் முடிவதற்குள் குரல் கம்மிவிடும். இன்னொரு தவறும் எல்லோரும் செய்வார்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது? அதை விழுங்கினால் யார் என்ன செய்தார் என்பதே கேட்பவனுக்குப் போய்ச் சேராது. சிவாஜியின் எந்த நீள வசனத்தை வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆரம்பம் எவ்வளவு தணிவாக இருக்கிறது, மூச்சை எந்த இடத்தில் எடுக்கிறார், கடைசிச் சொல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உச்சத்தில் அவர் கத்துகிறார் என்று நமக்குத் தோன்றும்போதும் ஒரு எழுத்தாவது சிதைந்திருக்காது. வெறுமனே கத்துகிறவனுக்கு அந்தத் தெளிவு வராது.

சிவாஜி என்ற பெயர் வந்த கதையில் உறுதியானதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்கிறேன். 1940களின் நடுவில் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தை எழுதினார், அன்று வி.சி. கணேசனாக இருந்த இவர் சிவாஜியாக நடித்தார், அண்ணாவே காகபட்டராக மேடையேறினார், பார்த்துவிட்டுப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார், பெயர் நின்றுவிட்டது. இதில் சந்தேகமில்லை. அந்த வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்குப் போக இருந்தது என்பதும் பலர் எழுதியிருப்பதுதான். முழு நாடகத்தின் வசனத்தையும் சில மணி நேரத்தில் பாடம் செய்து அண்ணாவிடம் ஒப்பித்தார் என்பது அவர் தரப்பிலிருந்து வந்த கதை. பக்கத்தில் நின்று பார்த்தவன் இல்லை என்றாலும் எனக்கு அது நம்ப முடியாததாகத் தோன்றவில்லை. கம்பெனிப் பையனுக்கு மனப்பாடம்தான் சோறு. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1940களின் மேடையில் அவர் எப்படி நடித்தார் என்பதற்கு நம்மிடம் இருப்பது பார்த்தவர்கள் சொன்ன சொல்தான். ஆகவே அந்தக் காலத்தைப் பற்றி நான் சொல்வது எல்லாம் பயிற்சி முறையை வைத்துச் செய்யும் அனுமானம். சினிமாவைப் பற்றிச் சொல்வதை நீங்களே போட்டுப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1952 அக்டோபர் 17, தீபாவளி, 'பராசக்தி'. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம். ஏவி.எம். ஸ்டுடியோவில் அவர் கேமரா முன் சொன்ன முதல் சொல் 'சக்சஸ்'. அந்த இடத்தில் இன்று நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒல்லியான இந்தப் பையன் வேண்டாம் என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு இருந்தது, தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். அந்த நீதிமன்றக் காட்சியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். குணசேகரன் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அலுப்போடு, நிதானமாக ஆரம்பிக்கிறான். தங்கையின் கதைக்கு வரும்போதுதான் குரல் ஏறுகிறது. ஏறிய பிறகும் திரும்ப இறங்குகிறது. அடுக்கு மொழியில் எழுதப்பட்ட வசனம் அது, எதுகையும் மோனையுமாக. அதை இன்றைய படத்தில் பேசுவது மாதிரி முணுமுணுத்தால் அது வசனமாகவும் இருக்காது, பேச்சாகவும் இருக்காது. எழுத்து எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு நடிகன் போயாக வேண்டும். அன்றைக்கு வசனம் பெரும்பாலும் தளத்திலேயே பதிவானது, பிறகு உட்கார்ந்து டப்பிங்கில் சரிசெய்துகொள்ளும் வசதி குறைவு. படம் போய்ச் சேர்ந்த டூரிங் டாக்கீஸ்களில் ஒலிபெருக்கி எப்படி இருக்கும் என்பது உங்கள் தாத்தாவைக் கேட்டால் தெரியும். ஜனங்கள் வசனம் கேட்கத்தான் வந்தார்கள், வசனப் புத்தகம் வாங்கினார்கள், இசைத்தட்டில் கேட்டார்கள். பல வருஷங்களுக்கு நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்த பையன்கள் 'பராசக்தி' வசனத்தைத்தான் பேசிக் காட்டினார்கள்.

சரி, அவருக்கு அந்த ஒரு அளவுதான் தெரியுமா? 1954 ஏப்ரலில், 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், 'அந்த நாள்' வருகிறது. எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு ஒன்றுகூட இல்லாத தமிழ்ப் படம். ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டு விழுவதில் படம் தொடங்குகிறது. விசாரணையில் ஒவ்வொருவரும் அவனைப் பற்றி ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே சிவாஜி ஒரே ஆளைப் பல பேர் கண்ணில் தெரிகிற விதமாகக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் காட்ட வேண்டும். குரலை உயர்த்தாமல், கண்ணில் ஒரு கணக்கும் உதட்டில் ஒரு அலட்சியமுமாக அதைச் செய்கிறார். கதாநாயகனாக நிலைபெறும் வேளையில் இப்படி ஒரு கெட்டவன் வேஷத்தை ஏற்றுக்கொண்டதே பெரிய துணிச்சல். அவரால் சிறிதாக நடிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் வேறு வாதம் வைப்பதில்லை. இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன்.

1959ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', அதே வருஷக் கடைசியில் பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'. முதலாவதில் மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, ஜாக்சன் துரை முன் உட்கார்ந்து பேசுகிற பாளையக்காரர். இரண்டாவதில் ஒரு கையும் காலும் விளங்காத, படிப்பில்லாத, வெள்ளை மனசுக் கிராமத்துக் கண்ணையன். அந்த ஊனத்தைப் படம் முழுக்க அவர் எப்படித் தாங்குகிறார் என்று கவனியுங்கள். அழுகிற காட்சியில், பாட்டில், எங்கேயும் அந்தக் கை மறந்துபோய் நிமிர்வதில்லை. உடம்பு முழுவதும் அதற்கேற்றபடி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. குரலும் கட்டபொம்மனின் குரல் இல்லை. சில மாத இடைவெளியில் ஒரே ஆள் செய்த இரண்டு வேலை. அந்தக் கதை பிறகு 'கான்தான்' என்று இந்திக்குப் போய், சுனில் தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கட்டபொம்மனுக்கு 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அந்தக் கட்டபொம்மனும் மேடையில் பிறந்தவர்தான். இதைத்தான் உங்கள் நண்பர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். பல நடிகர்கள் சினிமாவில் நிலைத்ததும் நாடகத்தை விட்டார்கள். இவர் புகழின் உச்சியில் இருந்தபோது சிவாஜி நாடக மன்றத்தை நடத்தினார். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957இல் சேலத்தில் அரங்கேறி, ஊர் ஊராகப் போய், இரண்டு வருஷம் கழித்துத்தான் படமானது. சுந்தரம் எழுதிய 'வியட்நாம் வீடு' 1965லிருந்து மேடையில் நடந்து 1970இல் பி. மாதவன் இயக்கத்தில் படமானது. அந்த நாடகம் எழுதியவர் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது, வியட்நாம் வீடு சுந்தரம் என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். மகேந்திரன் எழுதிய 'தங்கப்பதக்கம்' முதலில் செந்தாமரை நடித்து மேடையேறியது, பிறகு சிவாஜி அதைத் தன் மன்றத்தில் நடத்தி, 1974இல் படமாக்கினார். வசனம் குறைந்த, காட்சியால் பேசுகிற 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' படங்களைப் பின்னால் எடுத்த அதே மகேந்திரன்தான் இவர். நாடகமும் நல்ல சினிமாவும் ஜென்மப் பகை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏன் விடவில்லை? நாடக வசூல் பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் நன்கொடையாகப் போனது. தன்னோடு கம்பெனியில் பட்டினி கிடந்தவர்களுக்கு மன்றத்தால் வேலை கிடைத்தது. இவை தெரிந்த காரணங்கள். நடிகன் என்ற முறையில் இன்னொன்றும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். சினிமாவில் ஒரு காட்சியை அன்று காலையில் கொடுத்து மத்தியானத்துக்குள் எடுத்து முடித்துவிடுவார்கள். அந்த மனிதனோடு நடிகனுக்கு அவ்வளவுதான் பழக்கம். மேடையில் நூறு ராத்திரி அதே ஆளாக வாழலாம். எந்த இடத்தில் சனம் இருமுகிறது, எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஒவ்வொரு நாளும் தெரியும். தேவையில்லாத அசைவு தானாக உதிரும். 'வியட்நாம் வீடு' படத்தில் பிரெஸ்டீஜ் பத்மநாபனைப் பாருங்கள். பூணூலை இழுத்துவிடுவது, மனைவி சாவித்திரியை அதட்டிவிட்டு உடனே குழைவது, கோட்டை மாட்டிக்கொள்ளும்போது வருகிற அந்த மிடுக்கு, எதுவும் அன்றைக்குக் காலையில் யோசித்த மாதிரி இருக்காது. பல வருஷம் உடம்பில் ஊறிய பழக்கம் மாதிரி இருக்கும். மேடையில் சாவித்திரியாக ஜி. சகுந்தலா நடித்தார், படத்தில் பத்மினி. எதிரில் நிற்பவர் மாறினாலும் பத்மநாபனின் அச்சு மாறாமல் நின்றது. இந்த வேஷத்தை எங்கள் குழுவில் எடுத்துச் செய்ய எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். அவர் குரலைப் பிடித்துவிடுவார்கள். அந்தக் குழைவைப் பிடிக்க முடிவதில்லை.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஒரு காட்சி சொல்கிறேன். 1968, ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்', 'நலந்தானா' பாட்டு. கத்திக் காயம் பட்டுத் தேறி வந்து சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிக்கிறார். எதிரில் மோகனா ஆடிக்கொண்டே, சபைக்குத் தெரியாமல், நலமா என்று அவரிடம் கேட்கிறாள். இப்போது நடிகனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாயில் சீவாளி. இரண்டு கையும் துளைகளில். எழுந்திருக்க முடியாது, பேச முடியாது, தலையைக்கூட அதிகம் ஆட்ட முடியாது. கண்ணும் புருவமும் கன்னத்துச் சதையும் மட்டும்தான். அவள் கேட்பது காதில் விழுந்ததும் அந்தக் கண் முதலில் அவளைத் தேடுகிறது, பிறகு சபையை நினைத்து விலகுகிறது, பிறகு கலங்குகிறது. இதற்கிடையில் வாசிப்பு நிற்கவில்லை. நாதஸ்வரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் மூச்சு விடும் இடமும் சிவாஜியின் கன்னம் உப்பி அடங்கும் இடமும் ஒத்துப்போகின்றன. நாதஸ்வரக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளே இதைப் பாராட்டிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் தவிலோடு டி.எஸ். பாலையா, அவரும் மேடையிலிருந்து வந்தவர். ஸ்திரீபார்ட் பயிற்சி பற்றி நான் மேலே சொன்னது எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சியைப் பார்க்கும்போதுதான்.

உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். 1970களின் பிற்பகுதியிலும் 80களின் முற்பகுதியிலும் வந்த பல படங்களில் அவருக்கு எழுதப்பட்ட வேஷங்களே பழைய வேஷங்களின் நகல். ரசிகர்கள் எதற்குக் கைதட்டுவார்கள் என்று கணக்குப் போட்டு எழுதிய காட்சிகள். 200ஆவது படமான 'திரிசூலம்' 1979இல் பெரும் வெற்றி, ஆனால் நடிப்புக்காக அதை யாருக்கும் நான் காட்டமாட்டேன். அந்த வருஷங்களில் தமிழ் சினிமா வெளிப்புறத்துக்கும் பேச்சுத் தமிழுக்கும் நகர்ந்துவிட்டது. இவருக்குக் கொடுத்த எழுத்து நகரவில்லை. அவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, அது அவர் மேலும் இருக்கிற குறைதான். மறுக்க நான் தயாரில்லை. இதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. மிமிக்ரி மேடைகளிலும் டிவி நிகழ்ச்சிகளிலும் அவருடைய உச்சக் காட்சிகளை மட்டும், ஏறிவந்த படிகளை வெட்டிவிட்டுப் போட்டுப் போட்டு, அந்த உச்சம்தான் சிவாஜி என்று ஒரு தலைமுறைக்குப் பதிந்துபோயிற்று. 'பாசமலர்' கடைசிக் காட்சியைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் மிகையாகத்தான் தெரியும். 1961இல் தியேட்டரில் உட்கார்ந்து முதல் இரண்டு மணி நேரத்தையும் பார்த்தவர்கள் அங்கே விம்மி அழுதார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் என்ன செய்தார் என்பது என் வாதத்துக்குப் பெரிய சாட்சி. 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'. மலைச்சாமி என்கிற ஊர்ப் பெரியவர், வீட்டில் நிம்மதியில்லாதவர், பரிசல்காரப் பெண் குயிலிடம் ஒரு பரிவைக் கண்டுகொள்கிறவர். அவள் குடிசையில் உட்கார்ந்து மீன் சாப்பிடும் காட்சியில் வசனம் கொஞ்சம்தான். நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல வார்த்தைக்கும் ஏங்கிப்போன மனுஷனின் முகம்தான் அந்தக் காட்சி. 1992இல் 'தேவர் மகன்'. படம் பாதி வரைதான் இருக்கிறார். ஊரை விட்டுப் போகிறேன் என்று மகன் சொல்லும்போது அந்தப் பெரிய தேவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசுவதைக் கேளுங்கள். எதிரில் கமல்ஹாசன், இரண்டு தலைமுறை நடிப்பு ஒரே சட்டகத்தில். ஒருவர் பாணி இன்னொருவர் பாணியோடு எங்கேயும் முட்டவில்லை. அந்தப் படத்துக்குத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, பிரான்ஸின் செவாலியே 1995, அப்புறம் தாதா சாகேப் பால்கே என்று மற்றவை வந்தன. அரசியலில் காங்கிரஸ், மாநிலங்களவை உறுப்பினர், 1988இல் சொந்தக் கட்சி, 1989இல் திருவையாற்றில் தோல்வி. அதைப் பற்றிப் பேச என்னிடம் விசேஷமாக ஒன்றுமில்லை. 2001 ஜூலை 21 அன்று காலமானார்.

இணையத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் ஒன்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1962இல் அமெரிக்கா போனபோது மார்லன் பிராண்டோவைச் சந்தித்தார், புகைப்படம் இருக்கிறது. 'என்னைப் போல அவர் நடிப்பார், அவரைப் போல என்னால் முடியாது' என்கிற மாதிரி பிராண்டோ சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. இதை நான் ஆதாரமாக வைத்துப் பேசுவதில்லை, நீங்களும் வைக்க வேண்டாம். அவர் பெருமைக்குப் பிராண்டோவின் சான்றிதழ் தேவையில்லை. 'திருவிளையாடல்' படத்தில் தருமி காட்சியில் நாகேஷ் தன்னை விஞ்சி நடித்ததைப் பார்த்துவிட்டு, அதில் ஒரு அடிகூட வெட்டக் கூடாது என்று சிவாஜி சொன்ன கதையை நான் நம்புகிறேன், ஏனென்றால் அதைச் சொன்னவர் நாகேஷ். கம்பெனியில் வளர்ந்தவனுக்கு எதிரில் இருப்பவன் நன்றாகச் செய்தால்தான் தன் வேஷம் நிற்கும் என்பது தெரியும்.

இனி எந்த வரிசையில் பார்ப்பது. 'அந்த நாள்' முதலில். அதில் உங்களுக்குச் சிரிப்பு வராது, உறுதியாகச் சொல்கிறேன். அடுத்து 'முதல் மரியாதை', அதற்கும் இதற்கும் முப்பது வருஷ இடைவெளி. பிறகு 'பாகப்பிரிவினை'. பிறகு 'நவராத்திரி', 1964, அவருடைய நூறாவது படம், ஒன்பது வேஷம். அதில் தெருக்கூத்துக் காட்சி ஒன்று வரும், அங்கே அவர் வேண்டுமென்றே கூத்துக்காரரின் அளவுக்குப் பெரிதாகப் போகிறார், மற்ற வேஷங்களில் அந்த அளவை எப்படிக் குறைக்கிறார் என்று ஒரே படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு அப்புறம் 'தில்லானா மோகனாம்பாள்', 'வியட்நாம் வீடு'. கட்டபொம்மனைக் கடைசிக்கு வையுங்கள். அதை லேப்டாப்பில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள். காதுக்கு ஒரு அங்குலம் தள்ளி நின்று கேட்பவனுக்காகப் பேசப்பட்ட வசனம் இல்லை அது. அப்பாவோடு ஹாலில், நல்ல ஸ்பீக்கரில், நீங்கள் அறையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். அப்போதும் கத்தலாகத்தான் கேட்டால், எந்த இடத்தில் என்று குறித்து எழுதுங்கள், அந்த இடத்தைப் பற்றி நாம் பேசலாம்.